நுரையீரல் கட்டியைச் சுட்டழிக்கும் ஊசி: அளவும் விளிம்பும்

நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் இன்னும் ஓரிடத்தில் மட்டுமே இருக்கும்போது, அதை அறுத்து எடுத்துவிடுவதே மருத்துவத்தின் முதல் விருப்பம். நுரையீரலின் ஐந்து மடல்களில் கட்டி இருக்கும் மடலையோ, கட்டி சிறியதானால் மடலின் ஒரு கூறையோ அகற்றி, அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துச் சோதிப்பார்கள். ஆனால் அறுவையைத் தாங்கக்கூடிய உடல் இந்த நோயாளிகள் பலருக்கு இருப்பதில்லை. பல பத்தாண்டுகள் புகைபிடித்த ஒருவருக்குக் கட்டியை உண்டாக்கிய அதே புகை, மீதமுள்ள நுரையீரலையும் நாள்பட்ட மூச்சடைப்பு நோயால் சிதைத்திருக்கும். இதயத்தின் இரத்தக்குழாய்களையும் விட்டுவைத்திருக்காது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குபவரிடமிருந்து நுரையீரலின் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டால், புற்றுநோய் போனாலும் அவர் எஞ்சிய காலத்தை ஆக்சிஜன் குழாயோடு கழிக்க நேரலாம். அப்படிப்பட்டவர்களுக்காகக் கடந்த கால் நூற்றாண்டில் உருவான வழிகளில் ஒன்றுதான் ஸ்கேன் வழிகாட்டுதலுடன் செய்யப்படும் வெப்ப அழிப்பு. மருத்துவர்கள் இதை அப்லேஷன் என்றே குறிப்பிடுகிறார்கள்.

செயல்முறையின் அடிப்படை எளியது. சி.டி. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, விலா எலும்புகளுக்கு இடையில் தோல் வழியாக ஒரு நீண்ட ஊசியைச் செலுத்தி, அதன் நுனியைக் கட்டிக்குள் நிறுத்தி, அங்கேயே கட்டியைச் சூடேற்றிக் கொல்வது. கட்டி வெளியே எடுக்கப்படுவதில்லை. செத்த திசுவாக உள்ளேயே கிடந்து, மாதக்கணக்கில் சுருங்கித் தழும்பாகிறது. மிகு அதிர்வெண் மாறுமின்னோட்டம் தசையைத் துடிக்க வைக்காமல் உடலுக்குள் வெப்பத்தை மட்டும் உண்டாக்கும் என்பதைப் பிரெஞ்சு உடலியலாளர் தார்சொன்வால் 1891-லேயே கவனித்திருந்தார். அது கல்லீரல் கட்டிகளில் பயனுக்கு வர நூறு ஆண்டுகள் ஆயின. 1995-இல் முயலின் நுரையீரலில் சோதித்துப் பார்த்தார்கள். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டைச் சேர்ந்த டேமியன் டுபுய் குழுவினர் மனித நுரையீரலில் செய்ததன் முதல் அறிக்கையை வெளியிட்டார்கள்.

புற்றுநோய்ச் செல்லைக் கொல்ல எவ்வளவு சூடு தேவை என்பது காலத்தோடு சேர்ந்த கணக்கு. 50 டிகிரி செல்சியஸை நான்கு முதல் ஆறு நிமிடங்கள் நிலைநிறுத்தினால் செல் மீளமுடியாத சேதம் அடைகிறது. 60 டிகிரியைத் தாண்டினால் புரதங்கள் உடனடியாக உறைந்து, செல் அக்கணமே செயலிழக்கிறது. ஆகவே 60-க்கும் 100-க்கும் இடைப்பட்ட பகுதியே இலக்கு. அதற்கும் மேலே போனால் திசுவின் நீர் ஆவியாகி, ஊசியைச் சுற்றியுள்ள பகுதி கரியாகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், மின்னோட்டத்தால் சுடும் ரேடியோ அலைவரிசைக் கருவிகளில் சூடு அதற்குமேல் வெளியே பரவாமல் நின்றுவிடுகிறது. அதிகச் சூடு கொடுத்தால் அதிகப் பரப்பு அழியும் என்ற எண்ணம் இங்கே பொய்த்துப்போகிறது.

ரேடியோ அலைவரிசை முறையில், ஏறத்தாழ 375 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள மாறுமின்னோட்டம் ஊசி நுனியிலிருந்து புறப்பட்டு, நோயாளியின் தொடையில் ஒட்டிய பட்டைகள் வழியாகத் திரும்புகிறது. மின்னோட்டத்தின் திசை மாறமாற, திசுவில் உள்ள அயனிகள் முன்னும் பின்னும் அலைக்கழிக்கப்பட்டு உராய்ந்து வெப்பம் பிறக்கிறது. கல்லீரலில் இந்த வெப்பம் ஓரளவு சீராகப் பரவும். நுரையீரலின் கதை வேறு. கட்டி திடமானது, அதைச் சுற்றியிருப்பது காற்று நிறைந்த நுண்ணறைகள். காற்று மின்சாரத்தையும் சரியாகக் கடத்தாது, வெப்பத்தையும் சரியாகக் கடத்தாது. எனவே கட்டிக்குள் பிறந்த சூடு, பிளாஸ்க்கில் ஊற்றிய வெந்நீரைப் போல, வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகிறது. கட்டியைச் சுடுவதற்கு இது பெரிய வசதி. கல்லீரலைவிடக் குறைந்த ஆற்றலில் நுரையீரல் கட்டி வெந்துவிடும்.

ஆனால் அந்த வசதியேதான் இந்தச் சிகிச்சையின் மையச் சிக்கலும் ஆகிறது. ஸ்கேனில் தெரியும் கட்டியின் ஓரத்தோடு புற்றுநோய் முடிந்துவிடுவதில்லை. அறுத்தெடுத்த நுரையீரல்களை நுண்ணோக்கியில் அளந்து பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட கணக்கின்படி, கண்ணுக்குத் தெரியாமல் ஓரத்தைத் தாண்டி ஊடுருவியிருக்கும் செல்களை 95 சதவீதம் உள்ளடக்க வேண்டுமானால், நுரையீரல் புற்றுநோயின் முக்கிய வகைகளில், சுரப்பிச் செல்களில் தோன்றும் அடினோகார்சினோமா வகைக்கு 8 மில்லிமீட்டரும், செதிள்செல் வகைக்கு 6 மில்லிமீட்டரும் கூடுதல் விளிம்பு வேண்டும். அதாவது, சுட வேண்டியது கட்டியை மட்டுமன்று; அதைச் சுற்றியுள்ள, சூட்டை ஏற்க மறுக்கும் காற்றுப் பகுதியில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரையும் சேர்த்துச் சுட வேண்டும். இந்தச் சிகிச்சையின் வெற்றி தோல்விகளில் பெரும்பகுதி அந்த ஒரு சென்டிமீட்டரில்தான் தீர்மானமாகிறது என்பது என் கணிப்பு.

அளவு ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையான கட்டியின் கன அளவு சுமார் 4 மில்லிலிட்டர். எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் விளிம்பு சேர்த்தால், சுட வேண்டிய உருண்டையின் விட்டம் 4 சென்டிமீட்டராகி, கன அளவு 33 மில்லிலிட்டரைத் தாண்டுகிறது. கட்டி 3 சென்டிமீட்டர் என்றால் சுட வேண்டிய பகுதி 65 மில்லிலிட்டர். கட்டியின் விட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் கூடியதற்கே வேலை இரட்டிப்பாகிவிட்டது. 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிகளில் மருத்துவர்கள் தயங்குவதும், 2 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் நம்பிக்கையோடு பேசுவதும் இந்த வடிவியலின் விளைவு. இதோடு இரத்தக்குழாய்களின் தொல்லையும் உண்டு. கட்டியை ஒட்டி 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ விட்டமுள்ள குழாய் ஓடினால், அதில் பாயும் 37 டிகிரி இரத்தம் அந்தப் பக்கத்துச் சூட்டை இடைவிடாமல் அள்ளிச் சென்றுவிடும். அந்தப் பக்கத்தில் மட்டும் உயிரோடு ஒரு விளிம்பு எஞ்சி, பிறகு அங்கிருந்தே நோய் திரும்பும்.

நுண்ணலை முறை பரவலானதற்கு இந்த இரண்டு தடைகளுமே காரணம். 915 அல்லது 2,450 மெகாஹெர்ட்ஸ் அலைகள் ஊசி நுனியிலுள்ள சிறு ஆன்டெனாவிலிருந்து பரவி, நீர் மூலக்கூறுகளை வேகமாகச் சுழலச் செய்து சூட்டை உண்டாக்குகின்றன. மின்னோட்டம் திசு வழியாகக் கடந்து போகவேண்டிய தேவை இதில் இல்லாததால், காற்றும் கரியும் அவ்வளவாகத் தடுப்பதில்லை. தொடையில் பட்டை ஒட்ட வேண்டியதில்லை. வெப்பம் 100 டிகிரியை எளிதில் தாண்டுகிறது. வேலையும் சில நிமிடங்களில் முடிகிறது. கோட்பாட்டளவில் இது தெளிவான முன்னேற்றம். இருந்தாலும், இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு இத்தாலியில் 52 பேரிடம் நடந்த லூமிரா சோதனையில், நுண்ணலை பெற்றவர்களுக்குச் சிகிச்சையின்போது வலி குறைவாக இருந்ததே ஒழிய, உயிர்வாழும் காலத்தில் வேறுபாடு தென்படவில்லை. கருவி விற்பவர்களின் விளம்பரத் தாள்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சூட்டுக்கு நேர்மாறாக, ஆர்கான் வாயுவால் ஊசி நுனியை உறையவைத்துக் கட்டியைக் கொல்லும் கடுங்குளிர் முறையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. உருவாகும் பனிக்கட்டி உருண்டை ஸ்கேனில் தெரியும், வலி குறைவு, மார்புச் சுவரை ஒட்டிய கட்டிகளுக்கு ஏற்றது. சூடும் குளிரும் இல்லாமல், மின்துடிப்புகளால் செல் சவ்வைத் துளைக்கும் முறையையும் நுரையீரலில் முயன்றார்கள். ஆலிஸ் என்ற அந்தச் சோதனை, 23 பேருக்குச் சிகிச்சை அளித்த நிலையில், எதிர்பார்த்த பலன் இல்லாததால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. சிலருக்கு ஊசி போன தடத்திலேயே புற்றுநோய் முளைத்திருந்தது. காற்றும் திசுவும் மாறிமாறி வரும் நுரையீரலில் மின்புலம் சீராகப் பரவாததைத் தோல்விக்கான காரணங்களில் ஒன்றாக ஆய்வாளர்கள் கருதினார்கள்.

சிகிச்சைக்கு முன், கட்டியிலிருந்து சிறு துண்டெடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியும், நோய் வேறெங்கும் பரவவில்லை என்பதை உறுதிசெய்ய, சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேனும் எடுக்கப்படும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் மருத்துவர் சொல்லும் நாட்களுக்கு நிறுத்தப்படும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரேடியோ அலைவரிசை மின்னோட்டம் அதன் இயக்கத்தில் குறுக்கிடக்கூடும். மரப்பு ஊசியும் லேசான மயக்கமும் கொடுத்துச் செய்வதும் உண்டு, முழு மயக்கத்தில் செய்வதும் உண்டு. மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் நகரும் ஒரு சிறு கட்டியின் நடுவில் ஊசியை நிறுத்துவது கைத்திறன் சார்ந்த வேலை. ஊசி சில மில்லிமீட்டர் ஒதுங்கினாலும் மறுபக்க விளிம்பு குறைந்துவிடும். சூடேறத் தொடங்கியதும் கட்டியைச் சுற்றி ஸ்கேனில் மங்கிய வெண்படலம் ஒன்று தோன்றி விரியும். அந்தப் படலம் கட்டியின் ஓரத்தை எல்லாத் திசையிலும் குறைந்தது 5 மில்லிமீட்டராவது, முடிந்தால் 10 மில்லிமீட்டர், தாண்டியிருக்கிறதா என்பதே மேசையில் கிடைக்கும் முக்கிய அளவுகோல். அறுவையில் எடுத்த திசுவின் ஓரத்தை நோயியல் நிபுணர் நுண்ணோக்கியில் பார்த்து, புற்றுநோய்ச் செல் இல்லை என்று எழுதிக்கொடுப்பார். இங்கே அத்தகைய சான்று கிடைக்க வழியில்லை. நிணநீர் முடிச்சுகளும் சோதிக்கப்படுவதில்லை.

சிக்கல்களில் முதலிடம் நியூமோதோராக்ஸுக்கு. ஊசி போன துளை வழியாகக் காற்று கசிந்து மார்புக்கூட்டுக்குள் தேங்கி நுரையீரலை அழுத்தும் நிலை இது. பெரும்பாலும் தானே சரியாகிவிடும்; சிலருக்கு மட்டும் மார்பில் குழாய் பொருத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். நுரையீரல் உறையில் நீர் சேர்தல், இருமலில் இரத்தம், சில நாட்கள் காய்ச்சலும் அசதியும் ஆகியவை மற்ற பின்விளைவுகள். அரிதாக, சுட்ட இடம் சீழ்க்கட்டியாகலாம். மூச்சுக்குழாய்க்கும் நுரையீரல் உறைக்கும் இடையே துளை விழலாம். மூச்சை இழுக்கும் தசையை இயக்கும் உதரவிதான நரம்பு பாதிக்கப்படலாம். இதயத்தையும் பெரிய மூச்சுக்குழாய்களையும் ஒட்டிய மையப் பகுதிக் கட்டிகளை இம்முறையில் தொடாமல் விடுவது இதனால்தான். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2007 டிசம்பரில் ஓர் எச்சரிக்கை அறிவிப்பை வெளியிட்டதையும் இங்கே சொல்ல வேண்டும்: ரேடியோ அலைவரிசைக் கருவிகள் பொதுவாக மென்திசுவை அழிக்க அனுமதி பெற்றவையே தவிர, நுரையீரல் கட்டிக்கென்று தனியாக அனுமதி பெற்றவை அல்ல என்றும், நுரையீரலில் அவற்றைப் பயன்படுத்தியபோது இறப்புகள் நேர்ந்ததாகத் தகவல் வந்துள்ளது என்றும் அது கூறியது. கருவி ஒன்றாக இருந்தாலும் உறுப்பு மாறினால் ஆபத்தும் மாறும் என்பதற்கு அந்த அறிவிப்பு ஆவணச் சான்று.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பலரைக் குழப்புவது அடுத்த ஸ்கேன் அறிக்கை. சுட்ட பகுதி விளிம்பையும் சேர்த்துக்கொண்டு இருப்பதால், முதல் சில மாதங்களில் அது பழைய கட்டியைவிடப் பெரிதாகவே தெரியும். கட்டி வளர்ந்துவிட்டதோ என்று நோயாளியும், இந்தச் சிகிச்சையில் பழக்கமில்லாத மருத்துவரும் பதறுவதுண்டு. சுட்ட புண்ணின் அழற்சி காரணமாக முதல் மூன்று மாதங்கள் வரை பெட் ஸ்கேனிலும் அந்த இடம் ஒளிரலாம். அதன் பின் படிப்படியாகச் சுருங்க வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு அது மீண்டும் பெரிதானாலோ, ஓரத்தில் முடிச்சு போல ஒரு பகுதி மட்டும் சாயத்தை ஏற்று ஒளிர்ந்தாலோ, நோய் திரும்பியதாகச் சந்தேகிக்க வேண்டும்.

ஆய்வு முடிவுகளுக்கு வருவோம். 2008-இல் வெளியான ராப்சர் ஆய்வில் 3.5 சென்டிமீட்டருக்கு மேற்படாத 183 கட்டிகள் கொண்ட 106 பேர் இடம்பெற்றார்கள். மொத்தம் 137 முறை சிகிச்சை செய்யப்பட்டதில், 27 முறை குழாய் வைத்துக் காற்றை வெளியேற்ற வேண்டியிருந்தது. சிகிச்சையால் நேரடியாக யாரும் இறக்கவில்லை. மூச்சுத்திறன் குறிப்பிடத்தக்க அளவு குறையவுமில்லை. நுரையீரலிலேயே தொடங்கிய, சிறுசெல் அல்லாத வகைப் புற்றுநோய் உடையவர்களில் இரண்டாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 48 சதவீதம். ஆனால் புற்றுநோயால் நேர்ந்த இறப்பை மட்டும் கணக்கிட்டால், இரண்டாண்டு பிழைப்பு விகிதம் 73 சதவீதம். இந்த இரு எண்களுக்கும் இடையிலுள்ள பெரிய இடைவெளியை நின்று பார்க்க வேண்டும். இறந்தவர்களில் கணிசமானோரைக் கொன்றது அந்தப் புற்றுநோயன்று. அவர்களை அறுவைக்குத் தகுதியற்றவர்களாக்கிய பிற நோய்கள். இத்தகையவர்களின் பிழைப்பு விகிதத்தை அறுவை செய்துகொண்ட உடல்நலமுள்ளவர்களின் விகிதத்தோடு அருகருகே வைத்துப் பேசுவது தவறான ஒப்பீடு.

அமெரிக்காவில் 16 மையங்களில், அறுவைக்கு இயலாத முதல் நிலை நோயாளிகளிடம் மட்டும் நடந்த இசட்4033 ஆய்வு 2015-இல் வெளியானது. கணக்கில் கொள்ளப்பட்ட 51 பேரில் ஓராண்டு முடிவில் 86.3 சதவீதம் பேரும், இரண்டாண்டு முடிவில் 69.8 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். கட்டி 2 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தவர்களிடம் இரண்டாண்டு விகிதம் 83 சதவீதமாக உயர்ந்தது. மேலே போட்ட கன அளவுக் கணக்கு இங்கே மனித வாழ்நாளாகவே தெரிகிறது. அதே வேளையில், சுட்ட இடத்திலேயே நோய் திரும்பாமல் இரண்டாண்டு கடந்தவர்கள் 59.8 சதவீதமே.

அந்தக் கடைசி எண்தான் கதிர்வீச்சோடு ஒப்பிடும்போது உறுத்துகிறது. பல கோணங்களிலிருந்து மிகத் துல்லியமாகக் குவித்து, சில தவணைகளில் அதிகக் கதிர்வீச்சு கொடுக்கும் எஸ்.பி.ஆர்.டி. முறையை, இதே போன்ற அறுவைக்கு இயலாத நோயாளிகளிடம் சோதித்த ஆர்.டி.ஓ.ஜி. 0236 ஆய்வு 2010-இல் வெளியானபோது, மூன்றாண்டு முடிவில் கட்டி இருந்த இடத்தில் கட்டுப்பாடு 97.6 சதவீதமாக இருந்தது. தனித்தனி ஆய்வுகளின் எண்களை அப்படியே பக்கத்தில் வைப்பது முறையாகாது; அளவிட்ட விதமும் நோயாளிகளும் வேறு. இருந்தாலும், அறுவை முடியாதவர்களுக்கு முதலில் கதிர்வீச்சைப் பரிந்துரைத்து, வெப்ப அழிப்பைத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கான வழியாக வழிகாட்டு நெறிகள் வைத்திருப்பதற்கு இந்த வேறுபாடு போதுமான காரணம். இரண்டையும் சீட்டுக் குலுக்கல் போல் பிரித்துக் கொடுத்து நேரடியாக ஒப்பிட்ட பெரிய சோதனை இன்றுவரை முடிக்கப்படவில்லை. அறுவையையும் எஸ்.பி.ஆர்.டி.யையும் ஒப்பிடத் தொடங்கிய ஸ்டார்ஸ், ரோசெல் சோதனைகளே போதிய நோயாளிகள் சேராமல் பாதியில் நின்றன. இரண்டிலும் சேர்த்து 58 பேரே சேர்ந்திருந்தார்கள்.

அப்படியானால் ஊசிக்கு என்ன வேலை மிச்சம் இருக்கிறது? ஏற்கெனவே கதிர்வீச்சு பெற்ற இடத்தில் நோய் திரும்பினால் மறுபடி கதிர்வீச்சு கொடுப்பதற்கு வரம்பு உண்டு. ஊசியை மறுபடி செலுத்தலாம். நார்த்தன்மை அடைந்த நுரையீரல் உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சு ஆபத்தான அழற்சியைத் தூண்டிவிடக்கூடும் என்பதால், அவர்களிடமும் இந்த வழி பரிசீலிக்கப்படுகிறது. ஆனால் இதன் உண்மையான பலம் வேறு உறுப்பிலிருந்து, குறிப்பாகப் பெருங்குடலிலிருந்து, நுரையீரலுக்குப் பரவிய சிறுசிறு கட்டிகளில் வெளிப்பட்டிருக்கிறது என்பேன். பிரான்சில் இரண்டு மையங்கள் சேர்ந்து 566 பேரின் 1,037 கட்டிகளைச் சுட்டழித்து 2015-இல் வெளியிட்ட தொகுப்பில், சிகிச்சைக்குப் பின் வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு 62 மாதங்கள்; அதாவது பாதிப்பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள். நான்காண்டு முடிவில் சுட்ட இடத்தில் கட்டுப்பாடு 89 சதவீதம். இத்தகையவர்களுக்கு இன்று ஒன்று, அடுத்த ஆண்டு இன்னொன்று எனப் புதிய கட்டிகள் தோன்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் நுரையீரலை வெட்டிக் குறைத்துக்கொண்டே போக முடியாது. மூச்சுத்திறனைக் குறைக்காமல் திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய சிகிச்சையின் மதிப்பு இங்கேதான் புரிகிறது.

இந்தியாவில் இந்தச் சிகிச்சை யாருக்குப் பயன்படும் என்பதை நோய் கண்டறியப்படும் காலமே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. உலகளாவிய புற்றுநோய்க் கணக்கீட்டின்படி 2022-இல் இங்கே 81,000-க்கும் மேற்பட்டோருக்கு நுரையீரல் புற்றுநோய் புதிதாக ஏற்பட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் முற்றிய பிறகே தெரியவருகிறது. குறைந்த கதிர்வீச்சு சி.டி. பரிசோதனை மூலம் புகைப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் இறப்பை 20 சதவீதம் குறைக்கலாம் என்று 2011-இல் அமெரிக்காவின் பெரிய சோதனை காட்டியது. இந்தியாவில் அத்தகைய நாடு தழுவிய திட்டம் இல்லை. 2 சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டி தற்செயலாக அகப்பட்டாலும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. காசநோய் பரவலாக உள்ள நாட்டில், ஸ்கேனில் தெரியும் சிறு முடிச்சு ஆறிப்போன காசநோயின் தடமாகவும் இருக்கலாம், நடப்புக் காசநோயாகவும் இருக்கலாம். பெட் ஸ்கேனில் அதுவும் ஒளிரும். சுட்டபின் திசு உருக்குலைந்துவிடுமாதலால், அது என்ன என்பதைப் பிறகு கண்டுபிடிப்பது கடினம். எனவே முன்கூட்டிய பயாப்ஸியை இங்கே விருப்பத்துக்கு விட முடியாது. ஊசியைப் பரிந்துரைக்கும் மருத்துவரிடம் நோயாளி கேட்க வேண்டிய கேள்விகளும் இதிலிருந்தே பிறக்கின்றன: திசுப் பரிசோதனை முடிவு என்ன, கட்டியின் அளவு என்ன, பக்கத்தில் பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறதா, அறுவை நிபுணரும் கதிர்வீச்சு நிபுணரும் ஸ்கேனைப் பார்த்துவிட்டார்களா.

அண்மை ஆண்டுகளில் ஹாங்காங்கிலும் லண்டனிலும் மருத்துவர்கள் விலா வழியை விட்டு, வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் வளையக்கூடிய குழாயின் துணையோடு நுண்ணலை ஆன்டெனாவைக் கட்டி வரை கொண்டுபோகிறார்கள். நுரையீரல் உறையைத் துளைக்காததால் காற்றுக் கசிவு வெகுவாகக் குறையும் என்பது எதிர்பார்ப்பு. சிறு தொகுப்புகளில் அது மெய்ப்படவும் செய்கிறது. அந்த ஒரு சென்டிமீட்டர் விளிம்பு இவ்வழியில் எவ்வளவு நம்பகமாகக் கிடைக்கிறது என்பதற்கான விடை, இவ்வாறு சிகிச்சை பெற்றவர்களை ஐந்தாறு ஆண்டுகள் தொடர்ந்து ஸ்கேன் செய்து பார்த்த பிறகே வரும்.